பிள்ளைகள் கேட்கும் கேள்வி: படைப்பும் பரிணாமமும்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடந்த குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கம் கடந்து வந்த ஐம்பது ஆண்டுகளைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். இளைஞர் பிரிவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு வேறு. “அல்லாஹ்வை நம்புகிற ஒருவர் பரிணாமக் கொள்கையையும் ஏற்க முடியுமா?” என்பதுதான் அது. கொஞ்சம் கனமான தலைப்பு. தேநீர் இடைவேளைக்கு முன்பே முடித்துவிடுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆலிம் அல்ல. விஞ்ஞானியும் அல்ல. பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிரியல் தொழில்நுட்பம் படித்துப் பட்டயம் வாங்கிவிட்டு, பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனைச் சந்தையில் காய்கறி வியாபாரம் பார்ப்பவன். ஃபத்வா கொடுக்கும் தகுதி எனக்கு இல்லை. படித்ததையும் யோசித்ததையும் உங்கள் முன் வைக்கிறேன். மார்க்க விஷயத்தில் நான் சொல்வதில் பிழை இருந்தால் இங்கே இருக்கும் ஹஜ்ரத்துமார்கள் திருத்தட்டும்.

இதை ஏன் இப்போது பேச வேண்டும்? தொடக்கக் கல்லூரியில் உயிரியல் எடுக்கும் பிள்ளைகளுக்குப் பரிணாமம் முக்கியமான பாடம். உயிரினங்கள் எல்லாம் பொதுவான மூதாதைகளிலிருந்து கிளைத்து வந்தவை என்று வெள்ளிக்கிழமை வகுப்பில் படிக்கிறார்கள். ஆதம் (அலை) அவர்களை அல்லாஹ் களிமண்ணிலிருந்து படைத்தான் என்று சனிக்கிழமை மதரஸாவில் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் கேள்வி வந்து விழுகிறது: “அத்தா, இதில் எது சரி?”

நம் வீடுகளில் பெரும்பாலும் மூன்று விதமான பதில்கள் கிடைக்கின்றன. “பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடு” என்பது ஒன்று. “இதெல்லாம் நாத்திகப் பேச்சு, காதில் வாங்காதே” என்பது இன்னொன்று. மூன்றாவது, பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிடுவது.

முதல் பதில், பொய் என்று நினைப்பதையே மதிப்பெண்ணுக்காக எழுதச் சொல்கிறது. இரண்டாவது பதில், படிப்பு வேண்டுமா, ஈமான் வேண்டுமா என்று பதினேழு வயதுப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. சில பிள்ளைகள் உயிரியலை விட்டுவிடுகிறார்கள். அது நமக்குத் தெரிந்துவிடும். சில பிள்ளைகள் சத்தமில்லாமல் தொழுகையை விட்டுவிடுகிறார்கள். அது நமக்குத் தெரிவதே இல்லை. தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். அதனால்தான் இது சபையில் வைத்துப் பேச வேண்டிய விஷயம் என்கிறேன்.

பரிணாமக் கொள்கை என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். சந்தையில் நான் தினமும் கையில் எடுக்கும் சரக்கிலிருந்தே சொல்கிறேன். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், புரோக்கோலி, நூக்கோல், சீனர்கள் விரும்பி வாங்கும் கைலான் ஆகிய ஐந்தும் விலையில் வேறு, ருசியில் வேறு, தோற்றத்தில் வேறு. ஆனால் தாவரவியலில் ஐந்தும் ஒரே இனம். காட்டில் விளைந்த ஒரு செடியை விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி விதைத்தார்கள். இலை பெருத்த செடியின் விதையை எடுத்துவைத்த ஊரில் முட்டைக்கோஸ் வந்தது. பூ பெருத்ததை எடுத்துவைத்த இடத்தில் காலிஃப்ளவர் வந்தது. தண்டு பருத்ததை எடுத்துவைத்த இடத்தில் நூக்கோல் வந்தது.

இங்கே பொறுக்கி எடுத்தது மனிதன். இயற்கையில் அந்த வேலையைச் சூழ்நிலை செய்கிறது என்பதுதான் கொள்கையின் மையம். ஒரு தலைமுறையில் பிறப்பவை எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. இருக்கும் இடத்துக்குப் பொருத்தமானவை அதிகம் பிழைத்து அதிகம் பெருகுகின்றன. நீண்ட காலத்தில் இனங்களே மாறுகின்றன, கிளைக்கின்றன.

இதற்குச் சான்றுகள் நிறைய உண்டு. நான்கு கால்களோடு வாழ்ந்த பழைய திமிங்கல வகைகளின் எலும்புகள் பாகிஸ்தானில் பாறைகளுக்குள் கிடைத்திருக்கின்றன. அவை ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் பழமையானவை. அவ்வளவு தூரம் போக வேண்டாம். டாக்டர் கொடுக்கும் ஆண்டிபயாடிக் மாத்திரையைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்று ஏன் சொல்கிறார்கள்? மருந்துக்குத் தாக்குப்பிடிக்கும் கிருமிகள் மிஞ்சிப் பெருகிவிடும் என்ற அச்சத்தால்தான். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் நோபெல் உரையிலேயே இந்த ஆபத்தை எச்சரித்தார். கிருமிகள் மாறுவதும் இயற்கைத் தேர்வுதான்.

“குரங்கிலிருந்து மனிதன் வந்தானாம்” என்று கேலி செய்வோம். உயிரியல் அப்படிச் சொல்லவில்லை. இன்றைய குரங்குக்கும் மனித உடலுக்கும் பழங்காலத்தில் ஒரு பொது மூதாதை இருந்தது என்றே சொல்கிறது. பெரியத்தா மகன் எனக்கு அண்ணன்முறை. அவர் எனக்குத் தகப்பன் அல்ல. இருவருக்கும் பாட்டனார் ஒருவர். அவ்வளவுதான். மறுப்பதாக இருந்தாலும் சொல்லப்பட்டதைச் சரியாகத் தெரிந்துகொண்டு மறுப்பதுதான் நேர்மை.

இந்தக் கொள்கை உருவான கதையில் சிங்கப்பூருக்கும் ஒரு பங்கு உண்டு. டார்வினின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதே கருத்தைத் தனியாகக் கண்டடைந்த இன்னொருவர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். அவர் 1854-இல் சிங்கப்பூரில் வந்து இறங்கி, புக்கித் தீமா காட்டில் வண்டுகளைச் சேகரித்தார். சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும், தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவும் அப்போதே எழுந்து நின்றன. 1869-இல் வெளிவந்த ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ என்ற நூலில், இங்கிருந்த இந்திய முஸ்லிம் சிறுவியாபாரிகளையும் கடைக்காரர்களையும் அவர் குறிப்பிடுகிறார். எடுத்துக்கொள்ளப் போகும் விலையைப்போல் இரண்டு மடங்கு சொல்வார்கள் என்றும் எழுதிவைத்துவிட்டார். நம் முன்னோர்மீதான அந்தப் புகாரை வியாபாரியாகிய நான் இன்று மறுக்கப் போவதில்லை!

வாலஸ் 8 ஆண்டுகள் இந்தத் தீவுகளில் சுற்றினார். ஏறத்தாழ 14,000 மைல் பயணம், 1,25,660 மாதிரிகள். அவருக்கு வலதுகையாக இருந்தவர் சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற மலாய் இளைஞர். பறவைகளைப் பிடிப்பதும் பதப்படுத்துவதும் பெரும்பாலும் அலியின் வேலை. ‘வாலஸின் கொடிச்சிறகுப் பறவை’ என்று இன்று உலகம் அறிந்த சொர்க்கப் பறவையை முதலில் பிடித்துவந்து காட்டியவரும் அலிதான். வாலஸ் 1862-இல் ஊர் திரும்பும்முன் சிங்கப்பூரில் அலியைப் புகைப்படம் எடுக்கச் செய்தார். அந்தப் படம் இன்றும் இருக்கிறது.

1858-இல் முஸ்லிம் சுல்தான்களின் தீவான தெர்னாத்தேயிலிருந்து வாலஸ் டார்வினுக்குத் தன் கட்டுரையை அனுப்பினார். அதே ஆண்டு ஜூலை 1 அன்று இருவருடைய எழுத்துகளும் லண்டனில் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. மறு ஆண்டு டார்வினின் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது.

இந்தக் கதையைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே கொள்கையைக் கண்டடைந்த இந்த இருவரும் இறைவன் விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. மனித அறிவையும் ஒழுக்க உணர்வையும் இயற்கைத் தேர்வால் மட்டும் விளக்க முடியாது, அதற்கு மேலான ஓர் அறிவு வழிநடத்தியிருக்க வேண்டும் என்று வாலஸ் பிற்காலத்தில் வாதிட்டார். டார்வின் அதை ஏற்கவில்லை. தன்னை அறியொணாமைவாதி என்று சொல்லிக்கொண்ட டார்வினும், ஒருவர் ஆழ்ந்த இறைநம்பிக்கையோடு பரிணாமத்தையும் ஏற்க முடியும், அதில் சந்தேகமில்லை என்று 1879-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். பரிணாமம் இறைவனை இல்லையென்று நிரூபித்துவிட்டதாக இன்று சொல்கிறவர்கள், அதைக் கண்டுபிடித்தவர்களே சொல்லாத ஒன்றைச் சொல்கிறார்கள்.

இனி நம் நம்பிக்கைக்கு வருவோம். கருவறையில் நம்மை உருவாக்குபவன் அல்லாஹ் என்று ஆல இம்ரான் அத்தியாயம் சொல்கிறது. அதை நம்பும் நாம்தான் மனைவி கருவுற்றால் மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுக்கிறோம். இரு அணுக்கள் ஒன்றாகி, பிளந்து, வளர்ந்து உருவாகும் குழந்தையைத் திரையில் பார்க்கிறோம். பார்த்துவிட்டு, “அப்படியானால் அல்லாஹ் படைக்கவில்லை” என்று யாராவது சொல்கிறோமா? “அல்ஹம்துலில்லாஹ்” என்றுதான் சொல்கிறோம். டாக்டர் எப்படி என்பதைச் சொல்கிறார். யார் என்பதை ஈமான் சொல்கிறது. ஒன்பது மாதத்தில் நடப்பதில் இந்த இரண்டும் மோதவில்லை என்றால், கோடிக்கணக்கான ஆண்டுகளில் நடந்ததில் மட்டும் ஏன் மோத வேண்டும்?

“பரிணாமம் எல்லாவற்றையும் தற்செயல் என்கிறதே, அதை எப்படி ஏற்பது?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. உயிரியலில் தற்செயல் என்றால், எந்த உயிரிக்கு எது தேவை என்று பார்த்து மாற்றம் வருவதில்லை என்று பொருள். அல்லாஹ்வின் அறிவுக்கு அப்பாற்பட்டது என்று பொருள் அல்ல. அதை அளக்கும் கருவி எந்த ஆய்வகத்திலும் கிடையாது. வியாபாரிகளுக்கு இது எளிதாகப் புரியும். விடியுமுன் கடையைத் திறக்கிறோம். யார் வருவார், எதை வாங்குவார், எது அழுகிப்போகும் என்று நமக்குத் தெரியாது. கணக்குப் பார்த்தால் எல்லாம் தற்செயலாகத்தான் தெரியும். ஆனாலும் இரவு கல்லாவை எண்ணும்போது ரிஜ்க் அளந்தவன் அல்லாஹ் என்கிறோம். ஓர் இலை உதிர்வதும் அவன் அறியாமல் நடப்பதில்லை என்பது குர்ஆன் கற்பித்த பாடம். மரபணுவில் ஓர் எழுத்து மாறுவது மட்டும் அவனுக்குத் தெரியாமல் போய்விடுமா?

இதில் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்தே நமக்கு வழிகாட்டல் இருக்கிறது. அவர்களுடைய அன்பு மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்துக்காகத்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். நபியவர்கள் அதை ஏற்கவில்லை. எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் வருவதில்லை என்றும், சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும் விளக்கி, தொழச் சொன்னார்கள். துயரமான நேரத்திலும் தமக்குப் பெருமை சேர்க்கும் தவறான கருத்தை அவர்கள் அனுமதிக்கவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தத்துவவாதிகளை மறுத்து எழுதிய ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’வின் முன்னுரையில் இதே கிரகண விஷயத்தை எடுக்கிறார்கள். கணக்கால் நிரூபிக்கப்பட்ட ஒன்றை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர், மார்க்கத்துக்கே கேடு செய்கிறார் என்பது அவர்களின் கருத்து. கணக்கை அறிந்தவர் அதனால் கணக்கைச் சந்தேகிக்க மாட்டார், மார்க்கத்தைத்தான் சந்தேகிப்பார் என்கிறார்கள். 2019 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. எத்தனை மணிக்கு என்று முன்பே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். அதனால் கிரகணத் தொழுகை சுன்னத்து இல்லாமல் போய்விடவில்லை.

செடிகொடிகள், பறவைகள், விலங்குகள் எப்படி வந்தன என்பதில் நம் அகீதாவுக்குப் பெரிய சிக்கல் இல்லை. எல்லா உயிர்களையும் நீரிலிருந்து படைத்ததாகக் குர்ஆன் கூறுகிறது. எத்தனை காலத்தில், எந்த வரிசையில் என்று அது விவரிக்கவில்லை. பூமியில் பயணம் செய்து படைப்பு எப்படித் தொடங்கியது என்று பார்க்கும்படி அன்கபூத் அத்தியாயம் ஏவுகிறது. தேடிப் பார்ப்பது நமக்குத் தடுக்கப்பட்டதல்ல.

உண்மையான சிக்கல் ஆதம் (அலை) அவர்களைப் பற்றியது. இதை மூடி மறைக்கக் கூடாது. தாய் தந்தையின்றி, மண்ணிலிருந்து அல்லாஹ் நேரடியாக அவர்களைப் படைத்தான் என்பதே நம் உலமாக்கள் காலங்காலமாகக் கொண்ட கருத்து. இன்றைய முஸ்லிம் அறிஞர்களிடம் நான்கு நிலைப்பாடுகள் உள்ளன என்று ஷுஐப் அஹ்மத் மாலிக் 2021-இல் வெளியான தன் ஆய்வு நூலில் வகைப்படுத்துகிறார். பரிணாமத்தை முழுமையாக மறுப்பது ஒன்று. மற்ற உயிர்களுக்கு ஏற்று, மனித இனத்துக்கு மட்டும் விலக்கு வைப்பது இரண்டு. ஆதம் (அலை) அவர்களுக்கு மட்டும் விலக்கு வைப்பது மூன்று. எந்த விலக்கும் இல்லாமல் ஏற்பது நான்கு. மறுப்பவர்களிலும் ஏற்பவர்களிலும் தொழுகையாளிகள் இருக்கிறார்கள்.

மூன்றாவது நிலைப்பாடு எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. காரணம் சொல்கிறேன். ஆல இம்ரான் அத்தியாயத்தின் 59-ஆம் வசனம் ஈஸா (அலை) அவர்களை ஆதம் (அலை) அவர்களுக்கு ஒப்பிடுகிறது. ஈஸா நபி தந்தையின்றிப் பிறந்தார்கள் என்று நாம் உறுதியாக நம்புகிறோம். அதற்காகக் குழந்தை பிறக்கத் தாயும் தந்தையும் வேண்டும் என்ற உயிரியல் பாடத்தைப் பொய் என்று சொல்கிறோமா? இல்லை. அது பொதுவிதி, இது அல்லாஹ் காட்டிய அற்புதம் என்கிறோம். ஆதம் நபியின் படைப்பையும் அப்படியே நம்பலாம். அற்புதத்தை ஆய்வகத்தில் நிரூபிக்க முடியாது. ஒருமுறை நிகழ்ந்த அற்புதத்தை ஆய்வகம் மறுக்கவும் முடியாது.

அப்படியானால் ஆதம் நபிக்கு முன்பு மனிதரைப் போன்ற உடலமைப்பு கொண்டவர்கள் வாழ்ந்தார்களா? பாறைகளில் கிடைக்கும் அந்த எலும்புகள் யாருடையவை? டேவிட் சாலமன் ஜலாஜெல் என்ற முஸ்லிம் ஆய்வாளர், வேதம் இதில் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, எனவே மார்க்கத்தின் பெயரால் நாம் எதையும் அடித்துச் சொல்லக் கூடாது என்கிறார். இப்படி நிறுத்திக்கொள்வதற்கு ‘தவக்குஃப்’ என்று பெயர். இந்தப் பக்குவம் புதியதும் அல்ல. இன்றைய லெபனானில் உள்ள திரிபோலியைச் சேர்ந்த ஹுஸைன் அல்ஜிஸ்ர் என்ற ஆலிம், ‘ரிஸாலா ஹமீதிய்யா’ என்ற தன் நூலில் 1888-லேயே இதைப் பேசினார். உறுதியான சான்று வரும்வரை வசனங்களின் வெளிப்படையான பொருளையே கொள்வோம், சான்று வந்தால் அதற்கேற்ப விளங்கிக்கொள்ள இடமுண்டு, எப்படியானாலும் படைத்தவன் அல்லாஹ்தான் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இந்த விஷயத்தில் போலிச் சரக்கும் நிறைய உலவுகிறது. நம் பக்கத்துப் போலியையும் நாம் வாங்கக் கூடாது. பரிணாமத்தை மறுத்து ‘அட்லஸ் ஆஃப் கிரியேஷன்’ என்ற பளபளப்பான பெரிய புத்தகம் பல நாடுகளுக்கு இலவசமாக அனுப்பப்பட்டது. அதில் உயிருள்ள பூச்சி என்று போட்ட ஒரு படம், மீன்பிடிக்கச் செய்த செயற்கைப் பூச்சி. தூண்டில் முள்ளும் படத்திலேயே தெரிந்தது. அதைக் காட்டி உலகமே சிரித்தது. இன்னொரு பக்கம், “இப்னு கல்தூன் டார்வினுக்கு முன்பே எல்லாம் சொல்லிவிட்டார்” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தாதுப்பொருள், தாவரம், விலங்கு, குரங்கு, மனிதன் என்ற படிவரிசையை அவர் எழுதியிருக்கிறார் என்பது உண்மை. ஆனால் இயற்கைத் தேர்வைப் பற்றிய விளக்கம் அதில் இல்லை. இல்லாத பெருமையை ஏற்றிச் சொன்னால், அந்தப் பேரறிஞருக்கு உண்மையில் உள்ள பெருமையும் குறைந்துபோகும். எடையில் மோசம் செய்யாதே என்ற கட்டளை தராசுக்கு மட்டுமல்ல, வாதத்துக்கும் பொருந்தும்.

இனி நாம் செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, வீட்டில் கேள்வி வந்தால் கோபப்படாமல் இருப்போம். “எனக்குத் தெரியாதும்மா, சேர்ந்து கேட்டுத் தெரிந்துகொள்வோம்” என்று சொல்வதால் தகப்பனின் மரியாதை குறையாது. நமக்கு இமாம்களாக இருந்தவர்களே “அறியேன்” என்று சொல்லத் தயங்கவில்லை.

இரண்டாவது, நம் சங்கம் துணைப்பாட வகுப்பு நடத்துகிறது, மார்க்க வகுப்பும் நடத்துகிறது. இரண்டும் ஒரே கட்டடத்தில் நடந்தாலும் ஓர் ஆலிமும் ஓர் உயிரியல் ஆசிரியரும் ஒரே மேடையில் உட்கார்ந்து பிள்ளைகளின் கேள்விகளை எடுத்துக்கொண்டதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை அதைச் செய்வோம். அவர்கள் சில இடங்களில் ஒத்துப்போக மாட்டார்கள். மரியாதையோடு மாறுபடுவதையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

மூன்றாவது, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கும், டெய்ரி ஃபார்ம் பூங்காவில் உள்ள வாலஸ் பாதைக்கும் அழைத்துப்போவோம். அந்தக் காட்டில் நடந்துகொண்டே “சுப்ஹானல்லாஹ்” சொல்லப் பழக்குவோம். அலியின் கதையையும் சொல்வோம்.

பொன்விழா காணும் இந்தச் சங்கத்தை அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு நடத்தப் போகிறவர்கள் முன்வரிசையில் இருக்கும் இந்தப் பிள்ளைகள்தான். மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. உங்கள் பாடப்புத்தகத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அதில் உள்ளதை நன்றாகப் படியுங்கள், முதல் மதிப்பெண் வாங்குங்கள், ஆராய்ச்சிக்குப் போங்கள். எதைக் கண்டுபிடித்தாலும் அது அல்லாஹ் படைத்ததில் ஒரு பகுதியாகத்தான் இருக்கும். வேறு யார் படைத்ததையும் கண்டுபிடிக்க வழியில்லை. சந்தேகம் வந்தால் தொழுகையை நிறுத்திவிட்டு விடை தேடாதீர்கள். தொழுதுகொண்டே தேடுங்கள், எங்களிடமும் கேளுங்கள்.

நம் கல்வியை நமக்குப் பயனுள்ளதாகவும், நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாகவும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. இந்தச் சங்கத்துக்காக உழைத்து மறைந்த பெரியவர்களின் மண்ணறைகளை ஒளியாக்குவானாக. ஆமீன்.